ரோன் ஆற்றில் ஒரு வாரம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸில் சோன், ரோன் ஆறுகளில் இரண்டு முறை கப்பலில் போய் வந்தேன். முதல் தடவை கணவரோடு, ஒரு நவம்பரில். அடுத்த தடவை அம்மாவையும் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு, ஒரு மே மாதத்தில். அன்றிலிருந்து கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, பல் டாக்டரிடம் காத்திருந்தாலும் சரி, அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதில்கள் என் அனுபவமும் படித்துத் தெரிந்துகொண்டதும் கலந்தவை.

பிரான்ஸ்ல ஆத்துல கப்பல் போகுதாமே, எந்த ஆறு?

ஒரே ஆறு என்று நினைத்துப் பதிவு செய்துவிடாதீர்கள். பெரிய பயணக் கப்பல்கள் முக்கியமாக மூன்று பகுதிகளில் ஓடுகின்றன. பாரிஸிலிருந்து வடமேற்கே கடலுக்குப் போகும் சேன் ஒன்று. தென்மேற்கில் பொர்தோ நகரைச் சுற்றியுள்ள கரோன், தோர்தோன் ஆறுகளும் அவை கலக்கும் ழிரோந்து முகத்துவாரமும் இன்னொன்று. தென்கிழக்கில் சோனும் ரோனும் மூன்றாவது. நாட்டின் நீளமான ஆறு லுவார்தான், ஆனால் மணல்திட்டுகள் அதிகம். பெரிய கப்பலுக்கு அது சரிப்படாது.

சேன் வழியில் ஓவியர்களின் ஊர்களும் கோட்டைகளும் உண்டு. அது போய்ச் சேரும் நார்மண்டியோ ஆப்பிள் சீமை, திராட்சைச் சீமை இல்லை. பொர்தோவில் ஒயினுக்குக் குறைவே இல்லை, ஆனால் வாரம் முழுக்க ஒரே நகரைச் சுற்றிச் சுற்றி வருவது போல இருக்கும். ஒயின் தோட்டமும் வேண்டும், 2000 வருடப் பழைய ஊர்களும் வேண்டும் என்றால் என் ஓட்டு சோன்–ரோனுக்கு. இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றியதுதான்.

எங்கேர்ந்து எங்கே போகும்?

பெரும்பாலும் 7 இரவு. வடக்கே ஷாலோன் அல்லது லியோனில் ஏறி, தெற்கே அவிஞ்ஞோன் அல்லது ஆர்லில் இறங்குவது வழக்கம். தலைகீழாகப் போகும் கப்பல்களும் உண்டு. நடுவில் மாகோன், வியென், தூர்நோன், விவியே என்று சின்ன ஊர்கள்.

சோன் சோம்பேறி ஆறு. எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத அளவுக்கு மெதுவாகப் போகிறது என்று ஜூலியஸ் சீசரே எழுதி வைத்திருக்கிறார். ரோன் ஸ்விட்சர்லாந்துப் பனியாற்றில் பிறந்து, ஜெனீவா ஏரி வழியாக இறங்கி, ஏறத்தாழ 810 கிலோமீட்டர் ஓடி மத்தியதரைக் கடலில் சேர்கிறது. லியோனில் சோன் வந்து ரோனில் கலக்கிறது. அந்த முனையில் கப்பல் திரும்பும்போது மேல்தளத்தில் இருங்கள்.

கடல் கப்பல் மாதிரி இருக்குமா? எனக்கு பஸ்லயே வாந்தி வரும்.

ஆட்டம் என்பதே கிடையாது. தட்டில் சாம்பார் ஊற்றி வைத்தாலும் அலையாது. (சாம்பார் கிடைக்காது, அது வேறு விஷயம். சாப்பாட்டுக் கேள்வி கீழே வருகிறது.) 110 முதல் 135 மீட்டர் நீளம், 11.4 மீட்டர் அகலம், மூன்று மாடி, 150 பேர் சொச்சம். கடல் கப்பலில் இருக்கும் தியேட்டர், சூதாட்டக் கூடம் எல்லாம் இங்கே இல்லை. குழந்தைகளுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும்.

எந்த மாசம் போகலாம்?

மே, ஜூன், அல்லது செப்டம்பர் முதல் அக்டோபர் முற்பாதி வரை. செப்டம்பரில் பல இடங்களில் திராட்சை அறுவடையைப் பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்ட் தெற்கே கொளுத்தும், கூட்டமும் அதிகம். லாவெண்டர் வயல் வேண்டுமென்றால் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடு வரை. ஆனால் அந்த ஊதா வயல்கள் ஆற்றங்கரையில் இல்லை, பஸ்ஸில் வெகுதூரம் போக வேண்டும்.

எந்த மாதமானாலும் மிஸ்த்ரால் என்கிற வடக்குக் காற்றுக்கு ஒரு ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். ரோன் பள்ளத்தாக்கே அதற்குக் குழாய் மாதிரி. சில நாள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். பெரியம்மா அவிஞ்ஞோன் மதில் ஓரமாகப் புடவையைப் பிடித்துக்கொண்டு நடந்த படம் எங்கள் குடும்பக் குழுவில் இன்னும் சுற்றுகிறது.

எவ்வளவு ஆகும்? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

ஒருவருக்கு ஒரு வாரம், விமான டிக்கெட் இல்லாமல், ஏறத்தாழ 1500 யூரோவில் தொடங்கி 5000-ஐத் தாண்டியும் போகும். விலை குறைந்தவை பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்களே ஏறும் கப்பல்கள், ஊர் சுற்றுவதற்குத் தனிக் காசு கேட்பார்கள். விலை கூடியவற்றில் சுற்றுலாவும் சாப்பாட்டு நேர ஒயினும் சேர்ந்திருக்கும். இரண்டையும் ஒப்பிடும்போது எது உள்ளே, எது வெளியே என்று எழுதி வைத்துக் கூட்டிப் பாருங்கள். தனியாகப் போகிறவர்களிடம் அறை முழுவதற்குமான பணத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குவார்கள்.

விசா கஷ்டமா?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் விண்ணப்பித்தால் ஆபத்து. கோடை விடுமுறைக்கு விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கப்பல் பதிவுச் சீட்டில் ஒவ்வொரு இரவும் எந்த ஊர் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கப்பலில் ஏறுவதற்கு முந்தின இரவு எங்கே தங்குகிறீர்கள் என்பதற்கும் தனிச் சீட்டு வேண்டும். பலர் கோட்டை விடுவது அந்த ஒரு இரவில்தான்.

பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது, பரவாயில்லையா?

கப்பலில் பிரச்சினை இல்லை. ஊருக்குள் கடையில் நுழையும்போது முதலில் "போன்ழூர்" (வணக்கம்) சொல்லுங்கள், பிறகு எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசுங்கள். அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் மாறிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் சிடுமூஞ்சி என்று நாம் சொல்லும் கதைகளில் பாதி இந்த ஒரு வார்த்தையால் வந்தது என்பது என் கட்சி.

பால்கனி அறை எடுக்கணுமா?

"பிரெஞ்சு பால்கனி" என்று போட்டிருந்தால் அது பால்கனியே இல்லை. தள்ளுகதவு, அதற்கு வெளியே ஒரு கம்பி, அவ்வளவுதான். நாற்காலி போட இடம் இருக்காது. ஆனாலும் காற்று வரும், நான் அதைத்தான் எடுப்பேன். கீழ்த்தளத்தில் ஜன்னல் உயரத்தில் இருக்கும், தண்ணீர் அதற்குச் சற்றுக் கீழே. தூங்க மட்டும்தான் அறை என்பவர்களுக்கு அதுவே போதும், விலையும் நன்றாகக் குறையும்.

இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. துறையில் இடம் போதாமல் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துவார்கள். காலையில் திரையை விலக்கினால் அவிஞ்ஞோன் தெரியாது, பக்கத்துக் கப்பல்காரர் பல் தேய்ப்பது தெரியும்.

நாங்க சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். இறைச்சி, மீன், முட்டை, எலும்புச் சாறு எதுவும் கூடாது என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். கப்பல் சமையல்காரர்கள் இரண்டாம் நாளிலிருந்து நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள்.

கஷ்டம் ஊருக்குள்தான். லியோனின் கனெல் என்பது பார்க்கக் கொழுக்கட்டை மாதிரி வெள்ளையாக இருக்கும், உள்ளே அரைத்த மீன். லியோன் சாலட்டில் பன்றித் துண்டுகள். தெற்கே ரொட்டியில் தடவித் தரும் ஆலிவ் விழுதில் பெரும்பாலும் நெத்திலி சேர்ந்திருக்கும். மரபான பிரெஞ்சு சீஸ்களில் பாலைத் திரிக்க கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைத்தான் சேர்ப்பார்கள். அம்மா இதைக் கேட்டதும் சீஸ் தட்டைப் பெரியம்மா பக்கம் தள்ளினார். பெரியம்மா, "இத்தனை நாள் தெரியாமத்தானே சாப்பிட்டோம்" என்று சாப்பிட்டு முடித்தார். ரட்டட்டூயி என்கிற கத்தரிக்காய், தக்காளி, குடமிளகாய்க் கூட்டு எங்கும் கிடைக்கும், அதை நம்பலாம். கூடவே ஒரு பாட்டில் ஊறுகாய்.

எங்க வீட்ல யாருமே குடிக்க மாட்டோம். ஒயின் நாட்டுக்குப் போய் என்ன பண்றது?

அம்மாவும் பெரியம்மாவும் ஒரு சொட்டுத் தொடவில்லை, இரண்டு பேருக்கும் பயணம் பிடித்திருந்தது. திராட்சைத் தோட்டம் பார்க்க குடிக்க வேண்டியதில்லை. நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் தஞ்சாவூர்க்காரியான பெரியம்மா வழிகாட்டியை விடமாட்டார். ஏன் தண்ணீர் பாய்ச்சுவதில்லை, கூலிக்கு ஆள் கிடைக்கிறதா, ஏக்கருக்கு என்ன விலை என்று நான் மொழிபெயர்த்தே களைத்துவிட்டேன்.

ஒயின் ருசிக்கும் நிகழ்ச்சிக்குப் பதில் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தூர்நோனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் தேன் லெர்மித்தாழ், 1922-ல் தொடங்கிய வல்ரோனா சாக்லேட் நிறுவனத்தின் ஊர். அவிஞ்ஞோனிலிருந்து போகும் போன் து கார் என்கிற ரோமானியக் கால்வாய்ப் பாலத்தை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். மூன்றடுக்கு, ஏறத்தாழ 49 மீட்டர் உயரம். நீம் நகருக்குத் தண்ணீர் கொண்டுபோன 50 கிலோமீட்டர்க் கால்வாயின் ஒரு துண்டு அது. அந்த 50 கிலோமீட்டருக்கும் சேர்த்து வாட்டம் வெறும் 12 மீட்டர் சொச்சம். வீட்டு மொட்டைமாடியில் வாட்டம் சரியாக வராமல் மூன்று முறை தளம் போட்டவள் என்பதால் எனக்கு அங்கே கண் கலங்கியது.

கப்பல் படியில எறங்குற மாதிரி எறங்குமாமே?

ஆமாம், லாக் என்பார்கள். ஆற்றின் குறுக்கே அணை, பக்கத்தில் இரண்டு பக்கமும் கதவு வைத்த பெரிய தொட்டி. கப்பல் உள்ளே போனதும் மேல்கதவை மூடி, தண்ணீரைக் கீழே வடிய விடுவார்கள். கப்பல் அப்படியே இறங்கும், கீழ்க்கதவு திறக்கும், போய்க்கொண்டே இருக்கலாம். பம்பு எதுவும் தேவையில்லை. லியோனுக்கும் கடலுக்கும் நடுவில் இப்படி 12 லாக்குகள். பொலேனில் உள்ளதுதான் மிக ஆழம், ஏறத்தாழ 23 மீட்டர். ஏழு மாடிக் கட்டடத்தின் லிஃப்டில் கப்பலோடு இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் அகலம் 12 மீட்டர். கப்பலின் அகலத்தை மேலே சொன்னேன், கழித்துப் பார்த்தால் பக்கத்துக்கு ஒரு அடிதான் மிச்சம். இரவில் சுவரில் உரசும் சத்தம் கேட்டால் பதற வேண்டாம்.

இதெல்லாம் வருவதற்கு முன் ரோன் படகோட்டிகளைக் கொல்லும் ஆறு. கீழே போவது சுலபம், மேலே வருவதற்குக் கரையிலிருந்து குதிரைகள் வாரக்கணக்கில் இழுக்க வேண்டும். 1921-ல் ஒரு சட்டம் போட்டு மின்சாரம், படகுப் போக்குவரத்து, பாசனம் மூன்றுக்குமாக ஆற்றைக் கட்டத் தீர்மானித்தார்கள். அதற்கான நிறுவனம் 1933-ல் உருவானது.

போற வழியெல்லாம் போட்டோல இருக்கிற மாதிரி அழகா இருக்குமா?

இல்லை. விளம்பரப் படங்களில் வராதது இதுதான். லியோனுக்குத் தெற்கே முதல் சில கிலோமீட்டர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, ரசாயன ஆலைகள். அணைகளுக்காக வெட்டிய கால்வாய்களில் இரண்டு பக்கமும் கரை தவிர ஒன்றும் தெரியாது. கீழே போகப் போக மூன்று அணுமின் நிலையங்கள். க்ரூவாவில் குளிர்விக்கும் கோபுரம் ஒன்றில், குழந்தை தண்ணீர் ஊற்றி விளையாடும் பிரம்மாண்ட ஓவியம் உண்டு. எனக்கு அதுவும் பார்க்கத் தக்கதாகவே பட்டது. வியெனுக்குக் கீழே செங்குத்தான சரிவில் படி படியாகத் திராட்சை வரும் இடமும், தூர்நோன் கோட்டையும், விவியேவின் மலையும் இந்த வழியின் நல்ல பகுதிகள். அவற்றைப் பகலில் கடக்கும் கப்பலா என்று அட்டவணையில் பாருங்கள்.

லியோன்ல ஒரு நாள்தான். எதை விடலாம்?

மலை மேலிருக்கும் ஃபூர்வியேர் ஆலயத்துக்குக் கேபிள் ரயிலில் போய், அதன் பக்கத்தில் ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கைப் பார்த்துவிட்டு நடந்தே இறங்குங்கள். ஊர் கி.மு. 43-ல் ரோமானியர் நிறுவியது. கீழே பழைய லியோனில் த்ராபூல் என்கிற வழிகள் உண்டு: ஒரு தெருவில் சாதாரணக் கதவைத் தள்ளி உள்ளே போனால் வீடுகளின் முற்றம், மாடிப்படி எல்லாம் கடந்து அடுத்த தெருவில் வெளியே வரலாம். ஆட்கள் குடியிருக்கும் இடம், சத்தம் போடாதீர்கள்.

லியோன் பட்டு ஊர். நம் காஞ்சிபுரம் தறியில் வடிவத்துக்கு அட்டை தொங்குகிறதே, அந்த ஜக்கார்டு இயந்திரம் இந்த ஊர் ழக்கார் என்பவர் 1804 வாக்கில் செய்தது. க்ருவா ரூஸ் என்கிற நெசவாளர் மேட்டில் வீடுகளின் கூரை உயரமாக இருப்பது அந்தத் தறி உள்ளே நிற்பதற்காக. கூலி கட்டுப்படியாகாமல் 1831-ல் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து சில நாள் நகரையே பிடித்துவைத்திருந்தார்கள். விடுவது என்றால் கடைத்தெருவை விடுங்கள்.

போன்ல பழைய ஆஸ்பத்திரியைக் காட்டுறாங்களாம். ஆஸ்பத்திரியை எதுக்குப் பாக்கணும்?

போன் என்பது ஊர் பெயர், பர்கண்டி என்ற ஒயின் சீமையின் தலைநகரம் மாதிரி. ஆற்றங்கரையில் இல்லை, ஷாலோனிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போவார்கள். 1443-ல் பர்கண்டி கோமகனின் அமைச்சர் நிக்கோலா ரொலான் ஏழைகளுக்காகக் கட்டிய மருத்துவமனை அது. பல வண்ண ஓடு வேய்ந்த கூரை, உள்ளே சிவப்புத் திரை போட்ட கட்டில்கள் வரிசையாக. 1971 வரை நோயாளிகள் இருந்தார்கள்.

நம் ஊரில் கோயிலுக்கு நிலம் எழுதி வைப்பது போல, அங்கே இந்த மருத்துவமனைக்குத் திராட்சை நிலம் எழுதி வைத்தார்கள். இன்று அதன் வசம் 60 ஹெக்டேர் அளவுக்கு நிலம். 1859-லிருந்து அந்த ஒயினைப் பீப்பாயோடு ஏலம் விடுகிறார்கள், நவம்பர் மூன்றாம் ஞாயிறு. அந்த வார இறுதியில் ஊரில் நிற்க இடம் கிடைக்காது.

பாட்டில்ல திராட்சை பேரே இல்லையே? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பிரான்ஸில் பெரும்பாலும் ஊர் பெயர்தான் இருக்கும். நாம் மணப்பாறை முறுக்கு, திருநெல்வேலி அல்வா என்று சொல்வதில்லையா, அதே கதை. ஊரைச் சொன்னால் திராட்சை தெரிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. இந்த வழிக்கு மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: பர்கண்டியில் சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்டொனே. பொஜொலேயில் கமே. லியோனுக்குத் தெற்கே சிவப்பு என்றால் சிரா, கொந்திரியூ வெள்ளை என்றால் வியோனியே. அவிஞ்ஞோன் பக்கம் பல திராட்சைகளின் கலவை, அதில் கிரெனாஷ் முன்னால் நிற்கும்.

கமேயைப் பர்கண்டிக் கோமகன் ஒருவர் 1395-ல் கெட்ட செடி என்று திட்டிப் பிடுங்கி எறியச் சொன்னார். தெற்கே தள்ளி பொஜொலேயில் அது சுகமாக வளர்கிறது. எனக்குப் பிடித்ததும் அதுதான், விலையும் நம் கைக்கு எட்டும்.

ஒரே மலை, ஒரே திராட்சை. ஒண்ணு 20 யூரோ, பக்கத்துது 500. ஏமாத்து வேலையா?

பாதி மண், பாதி பாகப்பிரிவினை. பர்கண்டியில் துறவிகள் நூற்றாண்டுக் கணக்கில் ஒவ்வொரு துண்டு நிலத்தையும் தனித்தனியாகக் கவனித்து வேலி போட்டார்கள். அந்தத் துண்டுகளை 2015-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. பிரெஞ்சுப் புரட்சியில் தேவாலய நிலங்களை ஏலம் விட்டார்கள். பிறகு நெப்போலியன் சட்டம் பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு என்றது. நிலம் துண்டு துண்டானது. க்ளோ து வூழோ என்ற மதில் சூழ்ந்த தோட்டம் 50 ஹெக்டேர்தான், சொந்தக்காரர்கள் ஏறத்தாழ 80 பேர். ரொமானே கொந்தி என்ற தோட்டம் 2 ஹெக்டேர்கூட இல்லை. உலகம் முழுக்க ஆசைப்படுகிறது, விலை ஏறுகிறது.

மீதிக்கு என் கருத்து: 500 யூரோ ஒயின் 20 யூரோ ஒயினைவிட 25 மடங்கு ருசியாக இருக்காது.

ருசி பாக்கும்போது துப்பணுமாமே, சீ!

துப்பலாம், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். தொழில்காரர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான். காலை 10 மணிக்கு ஆறு வகை விழுங்கிவிட்டு மதியம் கோட்டை ஏற முடியாது. கோப்பையைத் தண்டில் பிடியுங்கள், முதலில் மோந்து பாருங்கள், அன்றைக்கு சென்ட் போடாதீர்கள். வாங்கியே தீர வேண்டும் என்றில்லை, ஆனால் சின்னக் குடும்பத் தோட்டமாக இருந்தால் ஒரு பாட்டிலாவது வாங்குவது மரியாதை.

ஒயின் சைவம்தானே? திராட்சைதானே?

கேட்டவர் ஜெயின் நண்பர், நல்ல கேள்வி. ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை இவற்றைப் பயன்படுத்தும் பழக்கம் உண்டு. பிறகு வடித்துவிடுவார்கள். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை, களிமண்ணால் தெளியவைப்பவர்களும் தெளியவைக்காமலே அடைப்பவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்தில் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

பிரெஞ்சு திராட்சைக்கே அமெரிக்க வேருன்னு ஒருத்தர் சொன்னார். கதைதானே?

உண்மை. 1860-களில் அமெரிக்கச் செடிகளோடு வந்த ஃபிலாக்சரா என்ற சின்னப் பூச்சி வேரைத் தின்று பிரான்ஸின் தோட்டங்களை அழித்தது. அதன் வேலை முதலில் கண்ணில் பட்டது ரோனின் வலது கரையில், அவிஞ்ஞோனுக்குப் பக்கத்துக் கிராமங்களில்தான். கப்பல் அந்த வழியாகத்தான் போகிறது. மருந்து எதுவும் பலிக்காமல், பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித் தப்பித்தார்கள். இன்றும் ஏறக்குறைய எல்லாத் தோட்டத்திலும் ஒட்டுச்செடிதான். மாங்கன்று வாங்குகிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

போப்பாண்டவர் ரோம்லதானே இருப்பார்? அவிஞ்ஞோன்ல எதுக்கு அரண்மனை?

1309-ல் ஐந்தாம் கிளெமென்ட் ரோமின் சண்டைகளுக்குப் பயந்து இங்கே வந்தார். அதற்குப் பிறகு வந்தவர்களையும் சேர்த்து ஏழு போப்பாண்டவர்கள், ஏறத்தாழ 70 வருடம். அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தால் கோட்டை என்றுதான் சொல்வீர்கள். உள்ளே இப்போது பெரும்பாலும் வெறும் சுவர்கள், எனவே கதை தெரிந்த வழிகாட்டி அவசியம். படிகளும் நிறைய.

ஜூலையில் அரண்மனை முற்றமே நாடக மேடையாகிவிடும். 1947-ல் தொடங்கிய அந்த விழாவில்தான் 1985-ல் மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாக, ஊருக்கு வெளியே ஒரு கல் குவாரியில் விடிய விடிய நடத்தினார்கள். நம் ஊர்த் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு விடிய விடிய என்பது புதிதில்லை.

பாதியில நிக்கிற பாலத்துக்கு டிக்கெட் வாங்கணுமா?

வேண்டாம், கப்பலிலிருந்தே நன்றாகத் தெரியும். அவிஞ்ஞோனின் 12-ஆம் நூற்றாண்டுப் பாலம், 22 வளைவுகள் இருந்தன. வெள்ளம் அடிக்க அடிக்கக் கட்டிப் பார்த்து, 17-ஆம் நூற்றாண்டில் கைவிட்டார்கள். மிச்சம் நான்கு. அந்தக் காசுக்கு ஒரு காப்பி குடித்துக்கொண்டே அதைப் பார்க்கலாம்.

ஷாத்தோநெஃப்ல பறக்கும் தட்டு எறங்கக் கூடாதுன்னு சட்டமாமே?

சிரிக்காதீர்கள், இருக்கிறது. 1954-ல் பிரான்ஸ் முழுக்கப் பறக்கும் தட்டு பார்த்த பேச்சு. அவிஞ்ஞோனுக்குப் பக்கத்து ஒயின் ஊரான ஷாத்தோநெஃப் து பாப்பின் மேயர், எந்த நாட்டுப் பறக்கும் தட்டும் ஊர் எல்லைக்குள் பறக்கவோ இறங்கவோ கூடாது, மீறினால் பறிமுதல் என்று உத்தரவு போட்டார். ஒயினுக்கு நல்ல விளம்பரம். அங்கே பார்க்க வேண்டியது தோட்டத்துக் கற்கள். உருண்டையான பெரிய கூழாங்கற்கள் மண்ணே தெரியாமல் கிடக்கும். பகல் சூட்டை வாங்கி இரவில் விடும். போப்பாண்டவரின் கோடைக் கோட்டையில் ஒரு சுவர்தான் மிச்சம், 1944-ல் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

ஆர்ல்ல வான்கா படங்கள் பாக்கலாம்தானே?

அந்த எண்ணத்தோடு போனால் ஏமாறுவீர்கள். ஓவியர் வான்கா 1888 பிப்ரவரியிலிருந்து 1889 மே வரை அங்கே இருந்து ஏறத்தாழ 200 ஓவியங்கள் வரைந்தார். அவை உலகம் முழுக்கச் சிதறிவிட்டன. அவர் பெயரில் உள்ள அறக்கட்டளை இரவல் வாங்கி ஒன்றிரண்டைக் காட்டும். அவர் குடியிருந்த மஞ்சள் வீடும் 1944 குண்டுவீச்சில் போய்விட்டது. ஆனால் ரோன் மேல் நட்சத்திரங்களை வரைந்த அந்தக் கரை இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே நடந்து போங்கள், தெருவிளக்குகள் தண்ணீரில் நீளமாக விழுவது அப்படியேதான் இருக்கிறது.

எனக்கு ஆர்லில் அதைவிடப் பிடித்தது தொல்லியல் காட்சியகத்தில் உள்ள ரோமானியச் சரக்குப் படகு. 31 மீட்டர், ரோன் சேற்றிலிருந்து 2011-ல் எடுத்தது. நாம் வந்த வழியில் நமக்கு முன்னால் வந்தவர்கள்.

முட்டி வலி உள்ள அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

போகலாம், நான் போனேன். பெட்டியை ஒரு தடவை பிரித்தால் போதும் என்பதே பெரிய வரம். ஆனால் பழைய ஊர்களில் தரை முழுக்க உருண்டைக் கல், விவியேயில் மேடும் சேர்ந்துகொள்ளும். கப்பல் லிஃப்ட் பெரும்பாலும் மேல்தளம் வரை போகாது. கப்பல்களை ஒட்டி நிறுத்துவார்கள் என்று சொன்னேனே, அப்போது பக்கத்துக் கப்பலின் மேல்தளம் ஏறி இறங்கித்தான் கரைக்குப் போக வேண்டியிருக்கும். மெதுவாக நடப்பவர்களுக்குத் தனிக் குழு உண்டு, முதல் நாளே பெயர் கொடுங்கள். அம்மா இரண்டு சுற்றுலாக்களை விட்டுவிட்டு மேல்தளத்தில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தார். அதை இழப்பு என்று அவர் சொன்னதில்லை.

வெள்ளம் வந்தா என்ன ஆகும்?

எங்களுக்கு வந்தது, அந்த நவம்பர் பயணத்தில். மேற்கே செவென் மலையில் இலையுதிர்காலத்தில் பேய் மழை கொட்டும், அர்தேஷ் போன்ற கிளையாறுகள் ஒரே இரவில் பொங்கும். தண்ணீர் ஏறினால் கப்பல் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. மூன்று நாள் லியோனிலேயே நின்றோம். அவிஞ்ஞோனுக்குப் பஸ்ஸில் போய் வந்தோம், போக வர ஏழு மணி நேரம் போனது. பணம் எதுவும் திரும்பவில்லை. ஒப்பந்தத்தில் வழியை மாற்ற உரிமை உண்டு என்று சின்ன எழுத்தில் இருந்தது, நாங்கள் படிக்கவில்லை. தண்ணீர் வற்றுவது பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், மேலே சொன்ன அணைகள் மட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

எத்தனை பாட்டில் ஊருக்குக் கொண்டு வரலாம்?

இந்தியாவுக்கு ஆளுக்கு 2 லிட்டர் வரை வரி இல்லை. அதாவது இரண்டு முழு பாட்டில், ஒரு அரை பாட்டில். பெரிய பெட்டியில் துணிக்கு நடுவில் வையுங்கள். அம்மாவின் கணக்கில் நான் இரண்டு கொண்டுவந்தேன், அவருக்கு இன்னும் தெரியாது.

இதெல்லாம் ரயில்லயே பாக்கலாமே, கப்பல் எதுக்கு?

லியோனிலிருந்து அவிஞ்ஞோனுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி பத்து நிமிடம். கப்பலில் மூன்று நாள். வயது இருக்கிறது, திட்டம் போடப் பிடிக்கும் என்றால் ரயிலில் போங்கள், செலவும் பாதிக்குக் கீழே முடியும். இதை நான் கப்பல்காரர்களிடமும் சொல்வேன். கப்பல் தருவது வேறு: ரயில் நிற்காத விவியே மாதிரி ஊர்கள், முட்டி வலிக்காரர்களுக்கு நிம்மதி, விடிகாலையில் லாக்குக்குள் இறங்கும் அந்தப் பத்து நிமிடம். கப்பலில் போனாலும் எல்லாச் சுற்றுலாவுக்கும் கொடி பிடித்தவர் பின்னால் ஓடாதீர்கள். ஆர்லிலும் லியோனிலும் ஒரு மத்தியானத்தை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்தளத்துல எந்தப் பக்கம் உக்காந்தா நல்லா தெரியும்?

ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் எது இடமோ அதுவே இடது கரை. பழைய ரோன் படகோட்டிகள் இடம், வலம் என்று சொல்லமாட்டார்கள். வலது கரை பிரெஞ்சு மன்னருடையது, இடது கரை ஜெர்மானியப் பேரரசின் எல்லையில் இருந்தது. அதனால் "ராஜ்ஜியம்!" என்றால் வலப்பக்கம், "பேரரசு!" என்றால் இடப்பக்கம் திருப்ப வேண்டும். எல்லைகள் போய் நூற்றாண்டுகள் ஆன பிறகும் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தார்களாம். தெற்கே போகும் கப்பலில் தூர்நோன் கோட்டையும் விவியேவும் ராஜ்ஜியத்தில். வியென், தேன் லெர்மித்தாழின் திராட்சை மலை, அவிஞ்ஞோன் எல்லாம் பேரரசில். காலை வெயில் பேரரசுப் பக்கம் முகத்தில் அடிக்கும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.